நேரில் ஆஜரான மலை

சக்கரவர்த்தியின் பிறந்த நாளன்று பலிப் புகை கிழக்கே போய்விட்டதால், தூரா மலை நாற்பது நாளுக்குள் தலைநகரத்துக்கு வந்து ஆளுநர் முன் நேரில் ஆஜராக வேண்டும் என்று ஆணை வந்தது. குன்றுகளுக்கு இருபது நாள்தான் தருவார்கள். மலை என்பதால் நாற்பது.

சிரியா மாகாணம் ரோமாபுரியின் கைக்குப் போனதிலிருந்து இதுதான் வழக்கம். மனிதர்களைப் போலவே கடவுள்களும் பட்டியலில் பெயர் உள்ள குடிகள். ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வோர் ஊர்க் கடவுளும் சக்கரவர்த்திக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்வார். கப்ரா கிராமத்துக் கடவுளுக்குச் சிலை கிடையாது, கூரை கிடையாது. மலையேதான் அவர். ஊரார் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் உச்சியில் ஒரு பலிபீடம் இருந்தது, அதற்குப் பர்கதே என்று ஒரு பூசாரி இருந்தான். ஆணையை அவன் கையில்தான் கொடுத்தார்கள். பெரியவருக்குக் கிரேக்கம் வாசிக்கத் தெரியாது.

உண்மையைச் சொல்வதென்றால் பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்குக் காற்றே கிடையாது. பர்கதே ஆட்டுக் கொழுப்பையும் சாம்பிராணியையும் தீயில் இட்டான். அவன் மனைவி ஷல்மத் கை கழுவும் தண்ணீரோடு மேற்குப் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு இளைப்பு. புகை பட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். புகை நேரே அவள் முகத்துக்குப் போனது. அது மேற்கே போவதுதான் முறை, ரோமாபுரி அங்கேதான் இருக்கிறது. பர்கதே முறையை நினைக்கவில்லை. தோளில் கிடந்த துணியை எடுத்து மூன்று தடவை விசிறினான். கட்டியவள் மூச்சுக்குத் தவிக்கும்போது திசை பார்க்கிற ஆம்பளை எங்கேயாவது இருந்தால் அவன் முகத்தில் நான் விழிக்க விரும்பவில்லை.

புகை திரும்பியது. யூப்ரடீஸ் ஆற்றைக் கடந்து எதிரி நாடான பார்த்தியாவுக்குள் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதை முறைப்படி பெற்றுக்கொண்டு, தங்கள் அரசரின் பெயரால் ஒரு நன்றிக் கடிதமும் அனுப்பினார்கள். கடிதம் வராமல் இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மரியாதை தெரிந்த எதிரியால் வந்த வினை.

ஆணை வந்த அன்று ஷல்மத் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"விசிறினது நீங்கன்னு சொன்னா என்னங்க செய்வாங்க?"

"தண்ணியும் நெருப்பும் கெடையாதுன்னுடுவாங்க."

ரோமர்களின் தண்டனை அது. ஊரை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள். மாகாணத்துக்குள் இவனுக்கு ஒருவரும் தண்ணீரோ நெருப்போ தரக்கூடாது என்று மட்டும் சொல்வார்கள். மூன்றாம் நாள் அவனே கிளம்பிவிடுவான். எல்லை தாண்டினால் திரும்பி வர முடியாது.

"சொல்லாட்டி?"

"பெரியவரைத் தீவுக்கு அனுப்பிடுவாங்க."

கடலுக்குள் அப்படி ஒரு தீவு இருந்தது. ஏற்கெனவே இரண்டு மலைகள் அங்கே தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தன. பெரியவர் போனால் கப்ராவுக்கு நிழல் போகும், ஊற்று போகும். முன்னூறு பேர் குடிக்கிற ஊற்று அது. ஷல்மத் மாவை ரொட்டியாகச் சுட்டாள். பிறகு ரொட்டிகளைத் துணியில் முடிந்து அவன் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் திரும்பி வாங்க" என்றாள்.

மறுநாள் காலை பர்கதே முன்னால் நடந்தான், பெரியவர் பின்னால் வந்தார். ஒரு மனிதனுக்கு ஒன்பது நாள் நடை, மலைக்கு முப்பத்தைந்து நாள். பெரியவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. ரோமர்கள் போட்ட சாலை தன் பாரத்துக்குத் தாங்காது என்று ஓரமாகவே வந்தார். திராட்சைத் தோட்டங்கள் குறுக்கிட்டால் சுற்றிப் போனார். அவர் சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அப்படியே மேய்ந்தபடி கூட வந்தன. வழியில் ஒரு சத்திரக்காரன் மனிதனுக்கு இடம் உண்டு, மலைக்கு இல்லை என்றான். பெரியவர் வெளியே தங்கினார். விடிந்து பார்த்தால் சத்திரத்துக் கிணறு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. சத்திரக்காரன் அதற்குப் பிறகு பர்கதேயை 'அண்ணே' என்று கூப்பிட்டான்.

இருபது வருஷமாகத் தினம் ஏறி இறங்கிய மலைதான். ஆனாலும் சேர்ந்து நடப்பது வேறு. பர்கதே வழியெல்லாம் பேசிக்கொண்டே போனான். தன் முழங்கால் வலியைச் சொன்னான், ஷல்மத் சமைக்கும் பருப்பைச் சொன்னான். விசிறியதைப் பற்றி மட்டும் பேசவில்லை. பெரியவரும் அதைக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் தலை மேல் நின்றுகொண்டுதானே விசிறினான். முப்பது நாளாகியும் ஒரு கல்லைக்கூட அவன் பக்கம் உருட்டிவிடாமல் வந்தாரே, அதுதான் பர்கதேயை அரித்தது. திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

விசாரணை சந்தைத் திடலில் நடந்தது. நீதிமன்றக் கட்டடத்தின் வாசல் மலைக்குப் போதாது. ஆளுநர் கெட்டவர் இல்லை. காலில் வாதநோய், சிரியாவின் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பெரியவர் திடலுக்குத் தெற்கே வந்து அமர்ந்ததும் நிழல் விழுந்து இடமே குளிர்ந்தது. ஆளுநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் நன்றியைக் குறித்துக்கொள்ளுமாறு எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

பார்த்தியர்களின் நன்றிக் கடிதம் வாசிக்கப்பட்டது. நல்ல நடையில் எழுதியிருந்தார்கள்.

"தூரா மலையே, புகையை எதிரிக்கு அனுப்பியது நீர்தானா?" என்று ஆளுநர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைக் கிரேக்கத்திலும் பிறகு அரமேய மொழியிலும் சொன்னார்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று தடவை கேட்பது ரோமர் வழக்கம். மூன்றாவது தடவையும் பதில் வராவிட்டால் தீவு. ஆளுநர் இரண்டாவது தடவை கேட்டார். பெரியவர் மேல் ஓர் ஆடு கத்தியது. அது சாட்சியம் ஆகாது என்று எழுத்தர் விளக்கினார்.

பர்கதே தன் தோள் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியவர் வாய் திறந்தால் உண்மையைச் சொல்லியாக வேண்டும், அதனால்தான் திறக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது. கடவுளைக் காப்பாற்றத்தான் பூசாரி வேலைக்கு வந்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓரடி முன்னால் வந்தான்.

"நான்தாங்கய்யா விசிறினேன். இந்தத் துணியாலதான்."

"எதற்கு?"

"என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டிச்சுங்க."

ஆளுநர் தன் காலைத் தடவிக்கொண்டார். தன் மனைவிக்கும் சாம்பிராணி ஆகாது என்று அவர் மெதுவாகச் சொன்னது எழுத்தருக்கு மட்டும் கேட்டது. அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான். மாகாணத்துக்குள் ஆணோ பெண்ணோ, அடிமையோ விடுதலை பெற்றவரோ, ஊரோ கோவிலோ படையோ, பட்டியலில் உள்ள கடவுளோ, எவரும் பர்கதேக்குத் தண்ணீரும் நெருப்பும் தரக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவன் தன் கிராமத்தை அடையும் அன்று சூரியன் சாயும்போது தண்டனை தொடங்கும்.

அடுத்து பெரியவரைப் பற்றிய பேச்சு வந்தது. புகையைத் திருப்பியது பூசாரி என்றால் மலை ஒன்றும் செய்யவில்லை என்றாகிறது. ஒன்றும் செய்யாத ஒருவரைக் குடியாகக் கருத இடமில்லை. ஆகவே தூரா மலையின் பெயர் கடவுள் பட்டியலிலிருந்து அடிக்கப்படுகிறது, இன்று முதல் அது நிலப்பரப்பு என்று ஆளுநர் அறிவித்தார். இத்தனை நூற்றாண்டுக் கடவுளை ஒரு வரியில் மண்ணும் கல்லும் ஆக்கிவிட்டார்கள். பெரியவர் அதைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்தார். நிழல் போனதும் திடலில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

தண்டனையை மேற்பார்வை பார்க்க முகத்ரா என்ற சிப்பாயைக் கூட அனுப்பினார்கள். திரேஸ் நாட்டுக்காரன், ஊரை விட்டு வந்து பதினாறு வருஷம். திரும்பும் வழியில் அவனும் பெரியவரிடம் பேசப் பழகிக்கொண்டான்.

கப்ராவில், பெரியவர் எழுந்து போன இடத்தில் ஊரார் துணி காயப்போட்டிருந்தார்கள். எடுத்து முடிக்கும் வரை பெரியவர் ஓரமாக நின்றார். பிறகு தன் இடத்தில் அமர்ந்தார். ஊற்று பழையபடி ஓடத் தொடங்கியது. எழுபது நாளாக அரை நாள் நடந்து தண்ணீர் சுமந்த பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். ஷல்மத் தன் குடத்தை நிரப்பிக்கொண்டு நேரே புருஷனிடம் வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது.

முகத்ரா குறுக்கே கையை நீட்டினான். "வேணாம்மா. குடுத்தீங்கன்னா உங்களுக்கும் இதே தண்டனைதான்."

"தண்டனைய குடுக்கட்டுமே. ஒண்ணா தாகமெடுத்துச் சாவறோம்" என்றாள் ஷல்மத்.

"ஷல்மத், குடத்த எறக்கி வை" என்றான் பர்கதே.

"ஏன்? எனக்காகத்தானே விசிறினீங்க?"

"அதனாலதான் சொல்றேன். எறக்கி வை."

அவள் இறக்கி வைத்தாள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. முன்னூறு பேரைக் காப்பாற்றிவிட்டு வந்தவனுக்கு அவர்களில் ஒருவரால் ஒரு வாய்த் தண்ணீர் தர முடியவில்லை. நாளைக்கு ஆற்றைக் கடந்து பார்த்தியாவுக்குள் போய்விட வேண்டியதுதான். எல்லை தாண்டுவதற்கான சீட்டு அவன் ஒருவனுக்குத்தான் எழுதியிருந்தது, அவளுக்கு இல்லை. பர்கதே யார் முகத்தையும் பார்க்காமல் மலையடிவாரத்துக்குப் போய், பெரியவரிடம் விடைபெறுவதற்காக உட்கார்ந்தான். பாறையில் கையை வைத்தபடி இருந்தான்.

அப்போது ஊற்று திரும்பியது. இத்தனை காலம் ஊருக்குக் கிழக்கே இறங்கிய தண்ணீரில் ஒரு கை மட்டும் பிரிந்து, இரண்டு பாறைகளைச் சுற்றிக்கொண்டு, அவன் காலடியில் வந்து நின்றது.

முகத்ரா தீர்ப்புச் சுருளைப் பிரித்தான். எழுத்துக் கூட்டித்தான் அவனுக்கு வாசிக்க வரும். ஆண் இருந்தான், பெண் இருந்தாள், அடிமை, ஊர், கோவில், படை, பட்டியலில் உள்ள கடவுள் எல்லாம் இருந்தன. நிலப்பரப்பு இல்லை. இன்னொரு தடவை மேலிருந்து கீழே வாசித்துப் பார்த்தான்.

"குடிங்க" என்றான்.

பர்கதே குடித்தான். ஷல்மத் வீட்டுக்குப் போய்ப் பானையில் பச்சைப் பருப்பும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு வந்தாள். பருப்பு தரக்கூடாது என்று சுருளில் எங்கேயும் இல்லை. பர்கதே தன் கையாலேயே பானையில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். நெருப்புதான் இல்லை. மூவரும் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊற வெச்சுத் தின்னலாம். பல்லு இருக்கு எனக்கு" என்றான் பர்கதே.

ஷல்மத்தின் கண் நிறைந்திருந்தது.

பெரியவரின் விலாப்பக்கம் இரண்டு கற்கள் கொஞ்சம் விலகின. நடுவிலிருந்து சாண் உயரத்துக்கு ஒரு தீ எழுந்து, பானை வைக்கும் அளவுக்கு அகன்று நின்றது. ஷல்மத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். நுரை பொங்கியது.

"கொஞ்சம் கொறைங்க பெரியவரே, அடி புடிச்சிடும்" என்றாள்.

தீ குறைந்தது. முகத்ரா தன் பையைத் திறந்து உப்பை எடுத்தான்.