எஃப்சி டயர்கள்

மில்லர்புரத்தில் மந்திரமூர்த்தியின் பட்டறையில் ஆறு நல்ல டயர்கள் இருந்தன. உப்பு லாரிக்காரர்கள் பதினொரு பேருக்கும் அவை பொது. எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்டும் நாளில் மட்டும் மாட்டுவார்கள். சான்று கிடைத்ததும் கழற்றிவிட்டு மொட்டை டயர்களை மாட்டிக்கொள்வார்கள். பட்டறைக்கும் ஆய்வு மைதானத்துக்கும் இடையே மட்டுமே ஓடியதால் நான்கு வருடமாக அவை தேயவில்லை.

பிரேக் இன்ஸ்பெக்டருக்கு அவற்றை அடையாளம் தெரியும்.

"போன வாரம் பாத்த டயரு மாதிரி இருக்கே?"

"ஆமா சார்," என்றான் அன்று லாரியைக் காட்ட வந்திருந்த மாசானம். "நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு." கையெழுத்துப் போட்டார்.

வெளியே அவன் மனைவி பேச்சிச்செல்வி நின்றிருந்தாள். ஒரு மழையில் லாரி வழுக்கி உப்பளத்துக்குள் இறங்கியதிலிருந்து அவள் அதில் ஏறுவது எஃப்சி அன்று மட்டும்தான்.

"ஏறு. ஏரலுக்குப் போவோம், ஒங்க அம்மை வீட்டுக்கு."

"டயரத் திருப்பிக் குடுக்காண்டாமா?"

"குடுக்க மாட்டேன். இனி தெனமும் நீ பக்கத்துல இருந்து வரலாம்."

அவள் சிரித்தபடி ஏறினாள்.

லாரி பட்டறைப் பக்கம் திரும்பாததை அவள் அண்ணன் தங்கப்பாண்டி பார்த்துவிட்டான். மறுநாள் அவன் லாரிக்கு எஃப்சி. தன் லாரியை எடுத்துக்கொண்டு ஹார்ன் அடித்தபடி துரத்தினான்.

பழையகாயல் அருகே ஓர் ஆடு குறுக்கே வந்தது. மாசானம் பிரேக்கை மிதித்தான். லாரி நின்றது. ஆடு பிழைத்தது. அவன் வியந்து முடிப்பதற்குள் தங்கப்பாண்டி பின்னால் வந்து இடித்தான்.

யாருக்கும் காயமில்லை. தங்கப்பாண்டியின் ஹெட்லைட்டுகள் மட்டும் நொறுங்கின.

"ஏலே மாப்ளே, இப்படியா டக்குன்னு நிப்பாட்டுவ?"

"பிரேக்கு அடிச்சா நிக்கத்தான செய்யும், மச்சான்?"

"நம்ம வண்டி எதாவது நின்னிருக்கா? எவனுக்கும் நிக்காதுன்னு தெரிஞ்சு தள்ளித் தள்ளிப் போறோம். பத்து வருசத்துல ஒருத்தன் மேல ஒருத்தன் இடிச்சது உண்டா? நீ ஒருத்தன் நின்னா ரோட்டுல எப்படிலே வண்டி ஓட்டுதது?"

தங்கப்பாண்டி பட்டறைக்குப் போன் போட்டான்.

மந்திரமூர்த்தி ஜாக்கியோடு வந்து சேர்ந்தார். அங்கேயே இரண்டு லாரிகளின் டயர்களும் இடம் மாறின.

"இவன் ஹெட்லைட்டையும் கழத்தி எனக்கு மாட்டுங்க அண்ணாச்சி," என்றான் தங்கப்பாண்டி. "நாளைக்கு எரியணும்லா."

"அப்போ எனக்கு?"

"ஒனக்குத்தான் எஃப்சி முடிஞ்சிட்டே."

பேச்சிச்செல்வி இறங்கினாள். மொட்டை டயர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அண்ணனின் லாரியில் ஏறிக்கொண்டாள்.

"ஏளா, எங்க போற?"

"டயரு இங்கனதான இருக்கு. ஏரலுக்கு வந்து சேருங்க."

மாசானம் தன் லாரியை எடுத்தான். முன்னால் போகும் வண்டி இப்போது நின்றாலும் நிற்கும். நன்றாகத் தள்ளியே போனான்.