வெளியேறும் பக்கத்துக்கு ஐந்தாவது ஆள்

கோகிலா வரைந்த பக்கத்துக்குள் போன நான்கு பேர் இன்னும் வெளியே வரவில்லை. ஒரு பக்கத்தை ஐந்து பேரை வைத்துச் சோதிப்பது அலுவலக வழக்கம். அதனால் அவள் ஐந்தாவது ஆளுக்காகக் காத்திருந்தாள்.

பக்கம் மூன்றாவது மாடியில், நடைவழியின் கடைசியில் இருந்தது. செல்போனில் பார்த்தால் உள்ளங்கை அளவு. சோதனைக்காக அதை ஓர் அறையாக விரித்திருந்தார்கள். செயலியை விட்டு விலக நினைப்பவர்கள் கடைசியாகப் பார்க்கும் பக்கம் அது. உள்ளே போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெளியே வர வேண்டும்.

வாசலில் நான்கு ஜோடி செருப்புகள் கிடந்தன. முதல் ஜோடியில் தூசு படிந்துவிட்டது.

“நாலு பேர்ல ஒருத்தர்கூட செயலிய விட்டுப் போகலீங்க,” என்றார் மேலாளர் நந்தகோபால். “இந்த ஆபீஸ்ல இப்படி நடந்ததே இல்ல.”

“வழி தெரியலையோ என்னமோங்க சார்.”

“புகார் ஏதாச்சும் வந்துச்சா?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்னங்க.”

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் கோகிலாவின் நாற்காலி. இங்கிருந்து அறை தெரியும். அறையிலிருந்து இவள் தெரியமாட்டாள். மைக்கின் அடியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதில் மூன்று வாக்கியங்கள். மனதில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள்? தவறு உங்கள் மேல் இல்லை, பக்கத்தைத்தான் சோதிக்கிறோம். சோதனை நடத்துகிறவர் இவற்றைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது. வழி காட்டினால் சோதனை செல்லாது.

நந்தகோபால் ஐந்தாவது ஆளை அழைத்து வந்தார். கண்ணாடி வழியே பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கோகிலாவின் அக்கா பூங்கொடி.

தங்கை எங்கே வேலை செய்கிறாள் என்று பூங்கொடிக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் படம் வரைகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். வாசலில் நின்று ஒப்புதல் படிவத்தை இரண்டு முறை படித்தாள்.

“டிக்கு நீங்களே போட்டுக் குடுத்திருக்கீங்க.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்.”

“மூணரைக்கு ஸ்கூல் விட்டுரும். புள்ளையக் கூப்பிடப் போகோணும்.”

“அஞ்சு நிமிஷந்தானுங்க அக்கா,” என்றார் நந்தகோபால்.

பூங்கொடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று எடுத்துவிட்டார்கள். நந்தகோபால் வந்து கோகிலாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

எதிர்ச் சுவரில் பெரிய பச்சைக் கதவு. வெளியே போகும் கதவும் அங்கேதான் இருந்தது. வலது மூலையில், கணுக்கால் உயரத்தில், வெள்ளைச் சுவரில் வெளிறிய சாம்பல் எழுத்தாக. முதலில் கோகிலா அதை நெஞ்சு உயரத்தில், கறுப்பில் வரைந்திருந்தாள். வாரம் ஒருமுறை நந்தகோபால் வந்து, “ஒரு விரக்கடை எறக்குங்க,” என்பார். ஒரு விரல் அகலம்தானே என்று இறக்குவாள். அப்போதெல்லாம் எதற்கு என்று கேட்டோமா என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. செருப்புகளைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“மனசுல ஓடுறதைச் சொல்லிட்டே செய்யுங்க,” என்றாள் மைக்கில்.

பூங்கொடி நிமிர்ந்தாள். “எங்க கோகிலா கொரலாட்டவே இருக்குதுங்க.”

“வழி இந்தப் பக்கம். வாங்க,” என்றது பச்சைக் கதவு.

அதுவும் கோகிலாவின் குரல்தான். வீட்டு ஆள் பேசுவது மாதிரி இருந்தால் நம்புவார்கள் என்று போன மாதம் பதிவு செய்திருந்தார்கள். பூங்கொடி சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினாள். அந்தப் பக்கமும் அதே அறை, அதே கண்ணாடி, மூலையில் அதே சாம்பல் எழுத்து. கூரை மட்டும் ஒரு முழம் இறங்கியிருந்தது.

சுவரில் எழுத்து வந்தது. உங்கள் மகள் படிக்கும் இடத்தை அறிய அனுமதிக்கவும்.

“இது எதுக்குங்க? வேண்டாம்.”

எழுத்து போய்விட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது முறை பூங்கொடி களைத்துப்போய் ‘அனுமதி’யைத் தொட்டாள். பச்சைக் கதவு திறந்தது. அடுத்த அறையில் அவள் தலை கூரையில் இடித்தது.

“எதுக்கோ நேரமாச்சுன்னு சொன்னேனே,” என்றாள். “என்னதுன்னு தெரியலை.”

கோகிலா எழுந்து நின்றாள். “சார், எங்கக்காங்க அது.”

“நல்லதாப் போச்சு. சொந்தக்காரங்கன்னா பொறுமையாச் செய்வாங்க.”

“நான் உள்ள போறேன்.”

“படிவம் அஞ்சுதான் அடிச்சோம்.”

சுவர் இப்போது சிறு வயது நினைவுகளைக் கேட்டது. பூங்கொடி முதல் தடவையிலேயே அனுமதித்தாள். நான்காவது அறையில் குனிந்துதான் நிற்க முடிந்தது. கோகிலா அட்டையைப் பிய்த்துக் கீழே போட்டாள்.

“அக்கா, பச்சைக் கதவைத் தொடாத. வலது மூலையில கீழ பாரு. கணுக்கால்கிட்ட.”

பூங்கொடி மெல்ல உட்கார்ந்து, சுவரில் முகத்தை வைத்துத் தேடினாள். “ஏதோ எழுத்தாட்டத் தெரியுது.”

“அதுதான் வாசல். அதைத் தொடு.”

விரல் எழுத்தின் அருகே போய் நின்றது. “நெசமான வாசலை எதுக்குங்க இப்படி ஒளிச்சு வெக்கோணும்?”

“நான் கோகிலா பேசறேன்க்கா.”

“போன ரூம்லயும் கோகிலாதான் பேசுனாங்க.”

“அது பதிவு. ஆறாங்கிளாஸ்ல என் நோட்டைக் கெணத்துல போட்டுட்டு, காத்து அடிச்சிட்டுப் போச்சுன்னு அம்மாகிட்டச் சொன்னியே. அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்படீங்களா? அதையும் இந்தச் சொவரு இப்பத்தான் எனக்குச் சொல்லுச்சு.”

மணி மூன்றேகால். கோகிலா கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். சொல்ல ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது எந்தப் பதிவிலும் இல்லை. யாரும் அவளிடம் அனுமதி கேட்டு எடுக்கவும் இல்லை.

“அந்த வாசலை ஒளிச்சதே நான்தான்க்கா. நெஞ்சு உசரத்துல இருந்துச்சு. வாரா வாரம் ஒரு விரக்கடை எறக்கினேன். எழுத்தை வெளுக்க விட்டேன். நாலு பேர் வெளிய வரலைன்னு தெரிஞ்சும் இங்க உக்காந்திருந்தேன். அதனாலதான் அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

பூங்கொடி சுவரில் வைத்திருந்த விரலை எடுத்தாள். தங்கை மேல் வைத்திருந்த நம்பிக்கையை மட்டும் பக்கம் அவளிடம் இன்னும் கேட்டு வாங்கியிருக்கவில்லை.

“எங்க கோகிலா அப்படிப்பட்டவ இல்லீங்க,” என்றாள் மரியாதையாக. தவழ்ந்து போய்ப் பச்சைக் கதவைத் தள்ளினாள்.

“வாங்க அக்கா,” என்றது உள்ளே கோகிலாவின் குரல்.