கல்லில் முந்திக்கொண்ட பெயர்

துக்க வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்? எனக்குக் கொடுத்தார்கள். 1983-இல், மராத்திக்காரர்கள் ஊரில் இருந்த எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் ஆறுதல் குழு தொடங்கியபோது ஒரு மராத்தி நர்ஸம்மா வந்து கற்றுத் தந்தார். புத்தி சொல்லாதீர்கள், எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று முடித்துவிடாதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள், பிறகு காத்திருங்கள். கேம்ப் பகுதிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக ஆயுசு முழுக்கக் கத்தியே பழகிய எனக்கு இது லேசான வேலையில்லை.

மறு வருஷம் இன்பநாதன் அண்ணாச்சி வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மனைவி பாக்கியவதி இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த முதல் வருஷம் அவர் அழவும் இல்லை, முடங்கவும் இல்லை. சைக்கிளில் சந்தைக்குப் போனார், பாடகர் குழுவில் பாடினார். வருஷ நினைவு ஜெபம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியும் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

பாஸ்டர் போய்ப் பேசிப் பார்த்தார். எங்கள் குழுவின் மில்ட்ரெட் அக்கா போய் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, "கவலைப்படாதீங்க, சீக்கிரமே பரலோகத்துல அவங்களைப் பாப்பீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். நல்ல ஆறுதல்! கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் ஜோசப்ராஜுக்குப் பிம்ப்ரியில் வேலை. கதவைத் திறந்ததும் அழாத குறையாகச் சொன்னான்.

"ஆன்ட்டி, ஆஸ்பத்திரியில தேதி வாங்கியாச்சு. இவரு ஏக்தம் ஜித்தி பண்றாரு, ஒரே அடம். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

எடுத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லையே. அண்ணாச்சி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன அண்ணாச்சி, எதுக்கு வேண்டாங்கறீங்க?" என்று கேட்டேன். காத்திருந்தேன். சாயா ஆறி ஆடை கட்டியது. நாக்கு நமநமவென்று அரித்தது. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"எனக்கு என்னத்துக்கு டீச்சர் கண்ணு? அதான் பேரு எழுதியாச்சுல்லா."

"எங்கே?"

"வாங்க, காட்டுதேன்."

ரிக்‌ஷா பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜோசப்ராஜ் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தான்.

பெரிய கறுப்புக் கல். இடது பக்கம் பாக்கியவதியின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். வலது பக்கம் இன்பநாதன் என்ற பெயர், பிறந்த வருஷம், ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல். எங்கள் சபையில் இது யாருமே யோசித்துப் பார்க்காத வழக்கம். இடம் குறைவு, புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே குழி. முதலில் போனவருக்குக் கல் வைக்கும்போதே மற்றவர் பெயரையும் வெட்டிவிடுவார்கள். பிற்பாடு வருஷத்தை மட்டும் சேர்த்தால் போதும். நினைவு ஜெபத்தன்று இந்தக் கல்லின் மேலிருந்து துணியை விலக்கியபோது, பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் ஜோசப்ராஜைத்தான் மெச்சினார்கள். அண்ணாச்சி முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அவர் குனிந்து, தன் பெயரை விரலால் தடவிக்கொண்டே போய்க் கோட்டில் நிறுத்தினார்.

"இந்தா பாருங்க. செத்த வருசத்தை வெட்டுததுதான் பாக்கி. எல்லாரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. இதுல புதுக் கண்ணு வேறயா?"

ஜோசப்ராஜுக்கு முகம் செத்துப்போனது. "ஐயோ, அப்படி நினைக்கவே இல்லப்பா" என்றான்.

அவனை நிற்க வைத்து விளாசத் தோன்றியது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, "பின்னே எதுக்குப்பா போட்டே?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் கையை நீட்டி அம்மா பெயரைக் காட்டினான்.

"அவ்வளவு பெரிய கல்லுல அம்மா பேரு மட்டும் தனியா இருந்தா... என்னால பாக்க முடியாதுப்பா. அதான்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "தொணைக்கு ஆளு வேணும்னா ஒம் பேரைப் போட வேண்டியதுதானல?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று நர்ஸம்மா சொல்லித் தரவில்லை. அண்ணாச்சியும் சிரித்தார். ஜோசப்ராஜ் சின்னப் பையன் மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். அவர் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "சரி, சரில. தேதி என்னைக்கின்னு சொன்ன?"

ஜோசப்ராஜ் சொல்லிக் கல்தச்சன் வந்து அண்ணாச்சியின் பெயரைக் கறுப்புச் சாந்தால் அடைத்தான். மேடும் பள்ளமுமாகப் பார்க்கச் சகிக்காது. நல்ல கல்லை இப்படி மூளியாக்கிவிட்டார்களே என்று சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். "உங்க பேரை வேணும்னா அங்கே வெட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டிசம்பரில் ஆபரேஷன் நடந்தது. தடித்த கண்ணாடி கைக்கு வந்த அன்றே, கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். சாந்து பூசிய லட்சணத்தைப் பார்த்துக் கல்தச்சனைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பாக்கியவதியின் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். கீழே இருந்த வருஷத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு வாய்விட்டு அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"இம்புட்டு நாளா என் பேரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர்" என்றார். பிறகு, காலையில்தான் தகவல் வந்ததுபோல என் பக்கம் திரும்பி, "பாக்கியவதி போயிட்டா டீச்சர்" என்றார்.

ஜோசப்ராஜ் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். வாயை மூடிக்கொண்டிருக்க அன்றைக்கு எனக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.