மாடத்துக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு

கல்லிடுக்கில் செத்த எலிபோலக் கருத்துச் சுருண்டு கிடக்கிறது அந்தச் செருப்பு, ஒற்றைச் செருப்பு, முன்பக்கம் மூடிய தோல் செருப்பு, சின்னப்பிள்ளையின் காலுக்குத்தான் சேரும், செத்த பிள்ளையின் செருப்போ என்னமோ, கோமதி கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுதான் தெரிகிறது, மடியில் கிடக்கும் மகள் வடிவுக்கு நெஞ்சு கீச்சுக்கீச்சென்று இழுக்கிறது, மூன்று வயசுப் பிள்ளை, எல்லாம் நான் செய்த வேலை, என் கை விளங்காமல் போகட்டும் என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

வேல்ஸ் மலையடிவாரத்துப் பண்ணைவீடு இது, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் புருஷன் இசக்கிராஜுக்கு டாக்டர் வேலை கிடைத்ததும் வாடகைக்கு வந்தார்கள், வந்த அன்றைக்கே அவளுக்கு இந்த வீட்டைக் கண்டு பயம், ஜன்னலில் கையை முழுசாக நீட்டினாலும் விரல்நுனி வெளியே எட்டாத கனத்தில் கற்சுவர், நீளவாக்கில் ஒரே கூரை, ஒரு பாதியில் மனிதர், மறுபாதியில் மாடுகள் இருந்தனவாம், மாடில்லாத கொட்டிலிலிருந்து இப்போதும் மழைநாளில் சாண வாசம் எழும்புகிறது, ஆள் நிமிர்ந்து நிற்கலாம்போல அத்தனை பெரிய கணப்படுப்பு, மேலே கரிபிடித்த ஓக் உத்தரம், புகைக்கூண்டை ஒட்டி இருட்டுக்குள் சுற்றி ஏறும் கற்படி, அதில் ஏறும்போதெல்லாம் பின்னால் யாரோ ஏறுகிறார்கள், அடுப்பின் உட்சுவரில் மாடம் மாதிரி இருந்த குழி ஒன்றுதான் ஊரை ஞாபகப்படுத்தியது, வெள்ளிக்கிழமை அதில் விளக்கை வைத்தாள், கை பட்டுப் பின்கல் பெயர்ந்தது, உள்ளே செருப்பு, சாமி விளக்குக்குப் பின்னால் செருப்பா, எவள் செய்த அநியாயம் என்று பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்துக் கொட்டிலுக்குப் பின்னால் புதரில் விட்டெறிந்தாள், தலைக்குக் குளித்து வந்து விளக்கேற்றினாள், விளக்கு அணைவதற்குள் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது.

ஏட்டி, இந்தச் சுவரு முன்னூறு வருச மழையைக் குடிச்சுட்டு நிக்கி, ஈரம் பிள்ளைக்கு ஒத்துக்கலை, செருப்புக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைக்கு இழுப்பு மருந்தை உறிஞ்ச வைத்துக்கொண்டே சொல்கிறான் இசக்கிராஜ், நீங்க டாக்டருக்குப் படிச்சவுக, நான் பயப்படுததுக்குப் படிச்சவ என்கிறாள் கோமதி, அவன் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டான், நெஞ்சின் கீச்சுச் சத்தம் வீட்டிலேயே இருக்கிறது.

மத்தியானம் முட்டை கொண்டுவந்த வீட்டுக்காரி நெஸ்டாவிடம் செருப்பை எறிந்ததை வாய்தவறிச் சொல்லிவிட்டாள், கிழவியின் முகம் வெளுத்துப்போனது, எங்கே போட்டாய் என்று மட்டும் கேட்டாள், பெயர்ந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தப் பார்வையில் கோமதிக்கு அப்பாவின் லாரி வந்து நிற்கிறது, திருநெல்வேலி ரோட்டில், பின்பக்கம் கம்பியில் கட்டிய பழைய செருப்பு ஆடிக்கொண்டிருக்க, கண்ணு படக்கூடாதும்மா என்று அப்பா தட்டிப்பார்க்கிறார், அட பாவி, இதுவும் அதுதானே, இங்கேயும் கண் படும்தானே, திருஷ்டிக்கு வைத்ததையா குப்பை என்று எறிந்தேன்.

பிள்ளையை நெஸ்டாவிடம் கொடுத்துவிட்டு மழையில் ஓடினாள், புதரில் முழங்கையெல்லாம் கீறியது, இல்லை, இங்கே இல்லை, நரி தூக்கிப்போயிருந்தால், தண்ணீர் அடித்துப்போயிருந்தால், ஐயோ என் பிள்ளை, பிறகு ஈரத்தில் உப்பி அது கையில் தட்டுப்பட்டது, இந்த முறை பை இல்லை, வெறும் கையால் எடுத்து முந்தானையில் துடைத்தாள், அப்போதுதான் பார்த்தாள், முன்பக்கத் தோல் உள்ளேயிருந்து பிளந்திருந்தது, கட்டைவிரல் முட்டி முட்டிப் பிளந்த இடம், வடிவின் செருப்பும் இப்படித்தான் பிளக்கும், செத்த பிள்ளையின் செருப்பு என்றல்லவா இத்தனை நேரம் பயந்தேன், இந்தக் கால் வளர்ந்திருக்கிறது, வளர்ந்து இந்தக் கற்படியில் ஏறி இறங்கியிருக்கிறது.

அடுப்புக்குள் நின்று அதைப் பழைய இடத்தில் வைத்தாள், பக்கத்தில் வடிவுக்குச் சேராமல் போன சிவப்புச் செருப்பில் ஒன்றையும் வைத்தாள், நெஸ்டாவின் தோளில் பிள்ளையின் நெஞ்சு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது, கல்லிடுக்கில் இரண்டு செருப்புகள், கல்லை மூட வேண்டும், ஆனால் கையை எடுத்தால் பிள்ளைக்குக் காவல் விட்டுப்போகுமோ என்று பயமாக இருந்தது, முதல் செருப்பை வைத்த தாயும் இதே இடத்தில் கையை எடுக்காமல் இப்படித்தான் நின்றிருப்பாள்.