டிராக்டர் இழுத்த கன்று

மொன்டானாவில் அந்த மாட்டுப் பண்ணையை அர்லீனும் அவள் தம்பி டெல்மரும் சேர்ந்து நடத்தினார்கள். மார்ச் மாதம், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு மத்தியானம். தீவனம் வாங்கிக்கொண்டு திரும்பிய அர்லீன் வேலியோரம் வண்டியை நிறுத்தினாள்.

தலைச்சன் ஈன்ற கிடாரி ஒன்று படுத்துக் கிடந்தது. கருப்பை மொத்தமும் வெளியே தள்ளி, மூட்டை மாதிரிச் சிவந்து சேற்றில் கிடந்தது. டெல்மர் வாலை முறுக்கி அதை எழுப்பிக்கொண்டிருந்தான். கொட்டகைக்கு ஓட்டப் போகிறானாம்.

"கையை எடுடா. இது எந்திரிச்சு நடந்தா உள்ள ரத்தக்குழாய் அறுந்து இங்கேயே செத்துரும்."

கன்று சற்றுத் தள்ளி நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னங்கால்களில் சங்கிலி, மறுமுனை டிராக்டரில். காத்திரு, கன்று வராவிட்டால் மாட்டு டாக்டரைக் கூப்பிடு என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். டெல்மருக்கு ஊருக்குப் போய் மதுக்கடை டிவியில் கூடைப்பந்து பார்க்க வேண்டியிருந்தது.

அர்லீன் போன் செய்தபோது டாக்டர் வேறொரு பண்ணையில் மாட்டிக்கொண்டிருந்தார். தாமதிக்காமல் நீங்களே உள்ளே தள்ளுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றார். கிடாரியைக் குப்புறப் படுக்கவைத்துப் பின்னங்கால்களைப் பின்னால் நீட்டினார்கள். கருப்பையைச் சுத்தமான விரிப்பில் ஏந்தி, வெந்நீரால் கழுவி, வீக்கம் வடியச் சர்க்கரையைக் கொட்டினாள் அர்லீன்.

"நான் வேணா தள்ளவாக்கா?"

"உன் விரல் பட்டா கிழிஞ்சிரும். விரிப்பைத் தூக்கிப் பிடி, போதும்."

முஷ்டியை மடக்கி, கிடாரி முக்காத நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். பாதி போனது திரும்பவும் வந்தது. தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. தம்பியைத் திட்டிக்கொண்டே தள்ளினாள். கடைசியில் எல்லாம் வழுக்கி உள்ளே போனது. சுருக்கம் இல்லாமல் முழுதாக விரிந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்த பிறகே எழுந்தாள்.

டாக்டர் வந்து, கருப்பை சுருங்க ஊசி போட்டார். எப்படி ஆச்சு என்று கேட்டார். ரொம்ப முக்கிருச்சு டாக்டர் என்றான் டெல்மர்.

"பொய் சொல்றான். டிராக்டரை வெச்சு இழுத்திருக்கான்."

டாக்டர் டெல்மரையே பார்த்தார். அவன் குனிந்து பூட்ஸில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

அன்று முதல் ஈனும் மாடுகளின் பக்கம் அவனை அர்லீன் விடவில்லை. வேலி கட்டு, வைக்கோல் போடு, அத்தோடு சரி என்றாள்.

கிடாரி பிழைத்தது. கோடையில் மறுபடி சினை பிடித்தது. அதைச் சாப்பாட்டு மேஜையில் சந்தோஷமாகச் சொன்னான் டெல்மர்.

"பாத்தியாக்கா, ஒண்ணும் ஆகல. நீதான் பெருசா எடுத்துக்கிட்ட."

அர்லீன் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவனோடு ஒரே மேஜையில் சாப்பிட அவளுக்கு வெகுகாலம் மனம் வரவில்லை.