வலது பக்கத்து எடை

விமானி அறைத் தரையில் மல்லாந்து படுத்து, கருவிப் பலகைக்கு அடியில் தலையை நுழைத்து வயர்களைப் பிணைத்துக்கொண்டிருந்தாள் அவள். பழைய முள் மீட்டர்களைப் பிடுங்கிய இடத்தில் பெரிய திரைகள் வருகின்றன. எந்த உயரத்தில் பறந்தால் எரிபொருள் மிச்சம், எங்கே இறங்கத் தொடங்கலாம், எல்லாவற்றையும் திரையே சொல்லிவிடுமாம்.

வேலை பிடித்துத்தான் இருந்தது. வயரிங் வரைபடம்தான் உறுத்தியது. வலப்பக்கத்து ஸ்விட்சுகள் ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம், கேப்டன் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று வைக்கச் சொல்லியிருந்தார்கள். இந்தச் சரக்கு விமானத்தில் வலப்பக்கம் உட்காருகிற துணை விமானி அவளுடைய அண்ணன்.

"எதுக்கு சார் எல்லாம் ரெண்டு ரெண்டா?"

"ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டுமே. பாதுகாப்புக்குத்தாம்மா," என்றார் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மதியம் அண்ணன் ஏறி வந்து திரையைத் தட்டிப் பார்த்தான். "மாமியார் மாதிரி எல்லாத்துக்கும் யோசனை சொல்லுமாமே பாப்பா? வாயடைக்கிற ஸ்விட்ச் எங்க வச்சிருக்க?"

"உன் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு." வாய் தவறி வந்துவிட்டது.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "அந்தப் பக்கம் எதுக்கு?"

"பாதுகாப்புக்காம்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

அவள் மறுபடியும் பலகைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

வெள்ளோட்டம் நன்றாகவே முடிந்தது. எரிபொருள் மிச்சம் என்று கீழே ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். அண்ணன் மட்டும் ஒதுங்கி வந்தான். "எதையும் தொட விடல பாப்பா. 'சும்மா உக்காருங்க'ன்னுட்டாரு கேப்டன். வேடிக்கை பாத்துட்டு வந்தேன்."

மறுநாளே சூப்பர்வைசர் வந்தார். "வலது சீட்டைக் கழட்டிரும்மா. எடை குறைஞ்சா இன்னும் மிச்சம். அண்ணனுக்கு ஆபீஸ்ல ஏதாவது பாப்பாங்க."

"ஏதாவதுன்னா என்ன சார்?"

"பாப்பாங்கம்மா."

ஸ்பேனரை எடுத்தவளுக்குக் கழற்றக் கை வரவில்லை. விவரம் கேள்விப்பட்டு வந்திருந்த அண்ணன், "குடு," என்று வாங்கி, தானே குனிந்து போல்ட்டுகளைக் கழற்றினான். வாசல் குறுகல். அவன் கீழே, அவள் மேலே என்று இருக்கையைச் சாய்த்துப் பிடித்துப் படியிறக்கினார்கள்.

கீழே சரக்கு நிறுக்கும் தராசு காத்திருந்தது. இருக்கையை அதில் வைத்ததும் சூப்பர்வைசர் எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"சார், நீங்களும் கொஞ்சம் ஏறுங்க. ரெண்டையும் சேத்துத்தான் மிச்சக் கணக்கு போடணும்."

அண்ணன் ஷூவைக் கழற்றக் குனிந்தான்.

"வேணாம் சார், அதோடயே நில்லுங்க."