ஐம்பத்தொன்று

என் புருஷன் பெயரே புருஷோத்தமன். சாதாரணமாக 'புருஷு' என்பேன். கோபம் வந்தால் மட்டும் முழுப் பெயர். அன்று காலையிலிருந்து மரக்காணம் உப்பள வரப்பில் முழுப் பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் பொம்மையார்பாளையத்தில் ஒரு வாடகை மாடியில் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனி என்றால் நான், அவன், ஒரு சால்டரிங் மேஜை. உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஷெட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்திருந்தோம். முதல் ஆர்டர், நாலு பெட்டி. சாயங்காலத்துக்குள் ஒன்றாவது ஓடவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகலாம் என்று மேனேஜர் இருதயநாதன் சொல்லிவிட்டார். சென்னையில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டு மெயில் போட்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லவும் அன்று சாயங்காலம்தான் கெடு. பெட்டி ஓடாவிட்டால் நான் சென்னையில் ஹாஸ்டலில், அவன் இங்கே மேஜையோடு. இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல்தான் பைக்கில் வந்து இறங்கியிருந்தோம்.

பெட்டிக்குள் பூட்லோடர் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. கரண்ட் வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். அது நெட்வொர்க் ஒயர் வழியாக ஷெட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, மோட்டாரை ஓட்டும் பெரிய புரோகிராமை வாங்கிக்கொள்ள வேண்டும். ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் பெட்டி பெட்டியாக வெயிலில் அலைய வேண்டாமே என்று நான்தான் இப்படி அமைத்தேன். ரொம்பப் புத்திசாலித்தனம். பெட்டி கூப்பிட்டது, 'பதில் இல்லை' என்றது, மறுபடியும் கூப்பிட்டது. நாலும் அதே கதை.

"வீட்ல ஓடிச்சே அஸ்வி" என்றான்.

"வீட்ல ஓடிச்சுன்னு மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லு."

உப்புக் காற்றில் ஒயர் முனை அரித்திருக்கும் என்று நினைத்தேன். புது முனை போட்டோம். பச்சை விளக்கு நன்றாகவே எரிந்தது, பதில் மட்டும் வரவில்லை. நடுவில் இருந்த ஸ்விட்ச் பெட்டி மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றினோம். பதில் இல்லை. பிறகு என் மேலேயே சந்தேகம் வந்து, துப்பட்டாவை லேப்டாப்புக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டு, நான் எழுதிய நெட்வொர்க் பகுதியை வரி வரியாகப் படித்தேன். வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். கண்ணைக் கூசவைக்கிற அந்த வெள்ளை வெளியில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

இருதயநாதன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். "இன்னா மேடம், ஓடுமா ஓடாதா? நம்ம ஆளு கையால சுவிட்ச் போட்டா உடனே ஓடுது."

"ஓடிடும் சார்."

"இத காலைலயே சொல்லிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

கடைசியாக, நடுவில் இருந்த எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, ஷெட் கம்ப்யூட்டருக்குப் பதிலாக என் லேப்டாப்பையே வைத்து, பெட்டியோடு ஒரே ஒயரில் நேராக இணைத்தேன். ஒயரில் போகிற வருகிற எல்லாவற்றையும் திரையில் ஓடவிட்டேன். பெட்டி கூப்பிடுவது தெளிவாகத் தெரிந்தது. என் லேப்டாப்தான் வாயைத் திறக்கவில்லை. கூப்பிடுவது யார் என்று பார்த்தேன். விலாச நம்பர் 51 என்று தொடங்கியது.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாச நம்பர் உண்டு. அதன் முதல் இரண்டு இலக்கம், அதாவது முதல் ஜோடி, ஒற்றைப்படையாக இருந்தால் அது தனி ஆளின் விலாசம் இல்லை, ஒரு கூட்டத்தின் விலாசம். கூட்டத்துக்குச் சேதி அனுப்பலாம். கூட்டம் தன் பெயரில் சேதி அனுப்பினால் எதிரில் இருப்பது சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். நான் கொடுத்திருந்த முதல் ஜோடி 50. வீட்டில் ஓடிய போர்டில் நானே ஏற்றியதும் 50. இந்த நாலு பெட்டியிலும் நம்பரை ஏற்றியது புருஷோத்தமன்.

"புருஷோத்தமன், நான் அம்பதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமா. மொட்டையா அம்பதுன்னு இருந்துச்சு. மொத ஆர்டராச்சேன்னு ஒண்ணு சேத்து வெச்சேன்."

"மொய் எழுதினியா? சிப்புல மொய் எழுதினியா நீ?"

"ஒரு நம்பர்தானே அஸ்வி..."

அந்த நம்பரைச் சிப்பில் ஒரு தடவைதான் எழுத முடியும். அழிக்க முடியாது. ஒன்றைச் சேர்க்கலாம், சேர்த்ததை எடுக்க முடியாது. நாலு சிப்பிலும் அந்த மங்களகரமான ஒன்று சாகும்வரை இருக்கும். இதை நான் கத்திச் சொன்னேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முழு நம்பரா வெச்சா அதோட முடிஞ்சி பூடும்னு சொல்வாங்க. முடியக் கூடாதுன்னுதான் வெச்சேன்."

"எது முடியக் கூடாது?"

"இதான். நீயும் நானும் பண்றது. நீ மெட்ராஸ் போய்ட்டா நான் மட்டும் எதுக்குடி இத பண்றேன்?"

மெயில் வந்ததிலிருந்து அதைப் பற்றி அவன் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை இது. சொல்வதற்கு அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை, சிப்பில் போய் எழுதியிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் திரை தெரியாது என்பதால் அழவில்லை.

பூட்லோடரில் ஒரு வரி சேர்த்தேன்: முதல் ஜோடி ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் கழித்துக்கொள். அதைப் பெட்டியில் ஏற்றி, பழையபடி எல்லா ஒயரையும் மாட்டி, கரண்ட் கொடுத்தேன். கூப்பிட்டது. பதில் வந்தது. புரோகிராம் இறங்க இறங்க அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தான். ஷெட்டிலிருந்து இருதயநாதன் பட்டனை அழுத்தினார், மோட்டார் உறுமிக்கொண்டு தண்ணீரைக் கொட்டியது.

"ஓடுது மேடம்!" என்று அவர் ஷெட்டிலிருந்தே கத்தினார். "மிச்ச மூணையும் நாளைக்கு ஓட்டிக் குடுத்துடுங்க."

வரப்பிலேயே உட்கார்ந்து, சென்னைக்காரர்களுக்கு நன்றி, வர இயலவில்லை என்று இரண்டு வரி அடித்தேன். புருஷு பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனுக்குக் கை நீட்டினான்.

"நான் ஒரு தபா படிச்சிப் பாக்கட்டா?"

"நீ எதையும் தொடாத" என்று சொல்லிவிட்டு நானே அனுப்பினேன்.